கொப்பி நிரம்பினால் போதுமா?

விசுவமடுக் கமக்காரருக்கு நாற்றுமேடையைப் பற்றி நாம் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. மிளகாய் விதையைத் தூவி, மேலே கிடுகு பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளித்து, நாலைந்து வாரம் பொறுத்திருந்த பின்னரே கன்றைப் பிடுங்கித் தோட்டத்தில் நடுகிறார்கள். இரண்டாம் வாரத்தில் மேடைக்கு அருகே போய் நின்று, "காய் எங்கே?" என்று கேட்பவனை ஊரார் என்ன பெயரிட்டு அழைப்பர் என்பதும் அவர்கள் அறிந்ததே. ஆனால் அதே கமக்காரர், மூன்று வயதுப் பிள்ளையைப் பாலர் பள்ளிக்கு அனுப்பிய இரண்டாம் வாரத்திலேயே கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "ரீச்சர், பிள்ளை இன்னும் ஒரு எழுத்தும் எழுதேல்லையே, விளையாடத்தானோ காசு கட்டி அனுப்புறம்?" என்று கேட்கிறார். கமக்காரரை மட்டும் சொல்வானேன்? வைத்தியரும் எந்திரியும் கச்சேரி உத்தியோகத்தரும் கேட்பது இதே கேள்வியைத்தான். சட்டத்தரணிகளாகிய நம்மவர் சற்று உரத்த குரலில் கேட்கிறார்கள் என்று சொன்னால் சகாக்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இக்கேள்வியை எதிர்கொள்ளும் ஆசிரியை என்ன செய்வார்? பெற்றோர் மாதந்தோறும் கொடுக்கும் சிறு தொகை நின்றுவிட்டால் பள்ளி மூடப்படும். ஆகவே அடுத்த நாளே பிள்ளையின் கையைத் தம் கைக்குள் பிடித்து அகரத்தை வரைவிக்கிறார். பக்கம் பக்கமாகக் கொப்பி நிரம்புகிறது. தகப்பன் மகிழ்கிறார், தாய் அயல் வீட்டாருக்குக் காட்டுகிறார். எழுதியது ஆசிரியையின் கை. பெயர் மட்டும் பிள்ளையினுடையது. நீதிமன்றத்திலே இத்தகைய சான்றை எந்த நீதவானும் ஏற்கமாட்டார். வீட்டிலே ஏற்கிறோம்.

மூன்று வயதுப் பிள்ளையின் கையை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். மனிதனுடைய மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. அந்த வயதில் அவற்றிற் பெரும்பாலானவை எலும்பாகவே இல்லை. இன்னும் குருத்தாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக இறுகி முடிவதற்குப் பத்து வயதும் ஆகலாம். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு மணியை எடுக்கும் பலமும், எடுத்த மணியை வேண்டிய இடத்தில் வைக்கும் கட்டுப்பாடும் படிப்படியாகவே வருவன. அந்தக் கையிலே பென்சிலைத் திணித்து, இரண்டு கோட்டுக்குள் எழுது என்றால் பிள்ளை முழங்கையையும் தோளையும் பல்லையும் சேர்த்து அழுத்தி எழுதுகிறது. சிறிது நேரத்தில் களைத்துப்போய்ப் பென்சிலை எறிகிறது. அதற்குச் சோம்பேறி என்ற பட்டம் கிடைக்கிறது.

அதே பிள்ளையிடம் குளக்கட்டுக் களிமண்ணில் ஓர் உருண்டையைக் கொடுத்துப் பாருங்கள். அமுக்கும், பிசையும், உருட்டும், பாம்பாக நீட்டும், பாம்பைச் சுருட்டி நத்தையாக்கும். ஒரு மணி நேரமானாலும் களைப்பதில்லை. பழைய பத்திரிகையைக் கிழித்துத் துண்டாக்கி ஒட்டச் சொன்னால் கிழிக்கும். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துச் சிரட்டையில் இடச் சொன்னால் இடும். தென்னோலை ஈர்க்கில் பூக் கோக்கச் சொன்னால் கோக்கும். இவை யாவும் விரலுக்குப் பயிற்சி. பென்சில் பிடிக்கும் கை இங்கேதான் உருவாகிறது; கொப்பியில் உருவாவதில்லை.

நமது எழுத்தின் இயல்பையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்களிற் பல நேர்கோட்டால் ஆனவை. தமிழ் எழுத்தோ பெரும்பாலும் வளைவும் சுழியுமாகச் செல்வது. இரண்டு சுழி னகரத்துக்கும் மூன்று சுழி ணகரத்துக்கும் உள்ள வேற்றுமை ஒரே ஒரு சுழி. களிமண்ணைச் சுருட்டிச் சுழி செய்து விளையாடிய பிள்ளை அந்த ஒரு சுழியைக் கண்ணாலே காண்பதற்கு முன் விரலாலே அறிந்துவிடுகிறது. வாசலில் தாய் புள்ளியிட்டுக் கோலம் போடும்போது அருகில் குந்தியிருந்து புள்ளியைச் சுற்றி வளைத்த பிள்ளைக்கு அகரத்தின் வளைவு புதிதன்று. நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். திண்ணைப் பள்ளியிலே பிள்ளை முதலில் எழுதியது ஏட்டில் அன்று, மணலிலே. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது தட்டிலே பரப்பிய அரிசியில் விரலால் எழுதுவிக்கிறோமே, அதுவும் அதே முறையின் மிச்சம். விரல் முதலில், எழுதுகோல் பின்பு என்பதே அங்குள்ள ஒழுங்கு. ஒரு நாள் சடங்காக அதைப் போற்றிவிட்டு மறுநாளே பென்சிலைக் கொடுப்பவர்கள் நாம்.

இனிக் காதுக்கு வருவோம். "விசுவமடு" என்ற பெயரைச் சொல்லி ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு முறை கை தட்டச் சொல்லுங்கள். வி, சு, வ, ம, டு என ஐந்து தட்டு வரும். எழுதினாலும் ஐந்தெழுத்தே. புள்ளி வைத்த மெய்யை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் தமிழிலே ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து என்ற கணக்குப் பெரிதும் பொருந்தும். ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்குக் கிடையாத இந்த வசதி நம் பிள்ளைக்கு உண்டு. தன் பெயரையும் தாயின் பெயரையும் ஊரின் பெயரையும் கைதட்டிப் பிரிக்கக் கற்ற பிள்ளை, சொல் என்பது துண்டுகளால் ஆனது என்ற பேருண்மையை எழுத்தறியாமலே அறிந்துவிட்டது. பின்னர் அரிவரி வகுப்பில் எழுத்தைக் காட்டும்போது, ஏற்கெனவே தான் அறிந்த துண்டுக்கு இது அடையாளம் என்று கண்டுகொள்ளும். கைதட்டாமல் 247 எழுத்தையும் ஒப்புவித்த பிள்ளையோ, ஒப்புவித்துக்கொண்டே இருக்கும். "குளம்" என்ற சொல்லை முன்னே வைத்தால் விழிக்கும்.

ஓட்டமும் ஆட்டமும் வெறுஞ் சக்திச் செலவு என்று கருதுவாருளர். மேளம் அடிக்கும்போது ஆடு, நின்றால் சிலையாக நில் என்ற விளையாட்டைப் பாருங்கள். ஆட விரும்பும் உடலை அடக்கி நிறுத்துவதற்குப் பிள்ளை எவ்வளவு முயல்கிறது! "தலையைத் தொடு என்றால் காலைத் தொட வேண்டும்" என்று மாற்றிச் சொல்லும் ஆட்டத்தில் கேட்ட சொல்லை நினைவில் வைத்து, முந்திக்கொண்டு வரும் பழக்கத்தைத் தடுத்து, வேண்டியதைச் செய்ய வேண்டும். இந்த ஆட்டத்தையே ஒரு சோதனையாக அமைத்து, அமெரிக்காவின் ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேகன் மக்கிளெலண்டும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தனர். அதிலே நன்றாகச் செய்த பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்நிற்கக் கண்டனர். வகுப்பிலே அமர்ந்து கேட்பதற்கும், தன் முறை வரும்வரை பொறுத்திருப்பதற்கும் வேண்டிய அடக்கம் பிரம்பினால் வருவதன்று. இத்தகைய ஆட்டத்தால் வருவது. நம் ஊர்க் கிளித்தட்டு வளர்ந்த பிள்ளைகளின் விளையாட்டு. ஆனாலும் நாலு வயதுப் பிள்ளைக்கு அதன் கோடுகளை மட்டும் நிலத்தில் கீறிக் கொடுத்து, கோட்டின்மேல் நட, கோட்டைத் தாண்டு, இடப்பக்கம் கெந்து, மூன்றாம் பெட்டியில் நில் என்று சொன்னால் எண்ணும் திசையும் உடம்பிலே பதியும். கோட்டுக்குள் எழுதுவதற்கு முன் கோட்டின்மேல் நடக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடல் எம் கடன். சட்டம் பயின்றவர் என்ற முறையில், இரண்டு சங்கதிகள் சேர்ந்து காணப்படுவதையும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாதலையும் நாம் ஒன்றாகக் கொள்வதற்கில்லை. பள்ளி சேரும்போது விரல்திறன் மிக்க பிள்ளைகள் பின்னர்க் கல்வியிலும் சிறந்தனர் என 2010இல் கிறிஸ்மர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அதனாலேயே களிமண் பிசைந்தவர் எல்லாரும் வைத்தியராவர் என்று எவரும் வாதாட முடியாது. ஆனால் மறுபக்கத்தில் நிற்பவரின் வழக்கு இதனினும் பலவீனமானது. மூன்று வயதிற் கொப்பி நிரப்பியமையால் பத்து வயதிற் பிள்ளை முன்னேறிற்று என்பதற்கு அவர்கள் காட்டும் சான்று யாது? அயல் வீட்டுப் பிள்ளை நிரப்புகிறது என்பதைத் தவிர வேறொன்றும் நாம் கேட்டறியோம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த சான்று ஒன்று உண்டு. அங்குள்ள அங்கன்வாடிகளில் 640ஐ எடுத்து, சீட்டுக் குலுக்கியதுபோல் சிலவற்றைத் தெரிந்து, அவற்றுக்கு அரை நாள் வேலைக்கு இன்னொரு பெண்ணை நியமித்தார்கள். அவர் முன்பள்ளிக் கல்வியை மட்டும் கவனித்தார். கற்பிக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டித்தது. பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் முன்னேறினர். பழைய பணியாளருக்குச் சத்துணவைக் கவனிக்க நேரம் கிடைத்தமையால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் தொகையும் குறைந்தது. கனிமியன், முரளீதரன், வால்ற்றர்ஸ் ஆகிய மூவர் செய்த இந்த ஆய்வு, பெருங் கட்டடமும் விலையுயர்ந்த விளையாட்டுச் சாமானும் வாங்கச் சொல்லவில்லை. பிள்ளையோடு இருப்பதற்கு ஒரு மனிதரை, சம்பளம் கொடுத்து, வையுங்கள் என்கிறது. சம்பளத்தைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

கலை என்றவுடன் ஆண்டிறுதிக் கலை விழாவை நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். வாடகைக்கு எடுத்த உடுப்பு, முகம் நிறையப் பூச்சு, ஒலிபெருக்கியிலே சினிமாப் பாட்டு, மேடைக்கு முன்னால் நின்று கை காட்டும் ஆசிரியை, அவரைப் பார்த்து அழும் நாலு பிள்ளைகள், பிரதம விருந்தினரின் நீண்ட சொற்பொழிவு. இஃது பெரியோருக்கான களியாட்டு. அதிற் பிள்ளைக்குக் கிடைப்பது தூக்கக் கலக்கம் ஒன்றே. முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே மாம்பழப் படத்தைப் பிரதி செய்து கொடுத்து, எல்லாரும் மஞ்சள் பூசுங்கள், கோட்டுக்கு வெளியே போகாதீர்கள் என்பதும் கலையன்று. அது வர்ணத்தில் எழுதிய கொப்பி, அவ்வளவே. வெறுந்தாளும் கரித்துண்டும் கொடுத்து, உன் வீட்டைக் கீறு என்று விட்டால் முப்பது வீடுகள் வரும். ஒன்றிலே மாடு வீட்டைவிடப் பெரிதாக இருக்கும். ஏன் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் விளக்கத்தில் எத்தனை சொற்கள், எத்தனை காரணங்கள்! மொழிப் பாடம் என்பது அதுதான்.

நம் பட்டினங்களில் "மொண்டிசோரி" என்று பெயர்ப்பலகை தொங்கும் பள்ளிகளுக்குக் குறைவில்லை. மரியா மொண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பிலே தம் முதற் பள்ளியைத் தொடங்கியவர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். யுத்தம் மூண்டு இத்தாலி எதிரி நாடானமையால் ஊர் திரும்ப இயலாமல் இந்தியாவிலே தங்கினார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். அவரது முறையிலே பிள்ளை சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகிய பின்னரே எழுதுகோலைத் தொடும். நம் மணலெழுத்தின் உறவு இது. அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு உள்ளே நாற்பது பிள்ளைகளை வாங்கில் நெருக்கி இருத்தி ஒப்புவிக்கச் செய்யும் பள்ளிகளைக் கண்டால் அம்மையார் மானநட்ட வழக்கே தொடுத்திருப்பார்.

நாம் வாசகருக்கு விரிவாகச் சொல்ல விரும்புவது இத்தாலியின் மற்றொரு கதை. 1945ஆம் ஆண்டு வசந்தத்தில் யுத்தம் முடிந்தபோது ரெஜியோ எமிலியா நகருக்கு அருகே வில்லா செல்லா என்ற சிற்றூரில் மக்கள் கூடினர். பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஒரு யுத்த டாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் அங்கே விட்டுச் சென்றிருந்தது. அவற்றை விற்று வரும் பணத்தை என்ன செய்வது? ஊரார் விவாதித்தனர். பாலர் பள்ளி கட்டுவோம் என்று முடிவாயிற்று. குண்டு விழுந்த வீடுகளின் கல்லையும் செங்கல்லையும் பொறுக்கி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரவிலும் கமக்காரரும் தொழிலாளரும் பெண்களும் தம் கையாலே கட்டினர். செய்தி கேள்வியுற்ற லோரிஸ் மலகுட்சி என்ற இளம் ஆசிரியர் சைக்கிளில் போய்ப் பார்த்தார். தம் வாழ்நாளை அதற்கே கொடுத்தார். 1963இல் அந்நகரசபை தன் முதலாவது பாலர் பள்ளியைத் திறந்தது. அங்குள்ள பள்ளிகளிலே ஓவிய வேலைக்கென்றே ஓரிடமும், கலை பயின்ற ஒருவரும் இருப்பது வழக்கமாயிற்று. இன்று உலகெங்கும் இருந்து கல்விமான்கள் அங்கே போய்ப் பார்த்து வருகின்றனர். அதன் மூலதனம் ஒரு பழைய டாங்கி.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் பயணஞ் செய்த எவருக்கும் இந்தக் கதை சுருக்கென்று தைக்கும். அவ்வீதியோரத்திலே எரிந்த பஸ்ஸும் லொறியும் துருப்பிடித்த இரும்பும் எத்தனை காலம் குவிந்து கிடந்தன! விசுவமடு 1960களில் படித்த வாலிபரைக் குடியேற்றி உருவாக்கப்பட்ட கமப் பிரதேசம். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது அந்த மண்ணின் மிளகாயும் வெங்காயமும் கொழும்புச் சந்தையைத் தாங்கின. 1977இன் பின் கதவு திறந்துவிடப்பட, விலை சரிந்தது. அதே ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களின் உழைப்பும் இப்பகுதி மண்ணிற் கலந்துள்ளது. 2009 ஜனவரி இறுதியில் அவ்வூர் படையினர் வசமானது. சனங்கள் சுதந்திரபுரம், புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கிழக்கே கிழக்கே ஒதுங்கி, எஞ்சியோர் செட்டிகுளத்து மெனிக் பாமில் கம்பி வேலிக்குள் இருந்து, பின்னர்த் திரும்பினர். அன்று அரிவரியில் இருந்த பிள்ளைகள் இன்று இளம் பெற்றோர். அவர்களிற் சிலர் பாலர் பள்ளி ஆசிரியைகள். தாம் ஆடிப் பாடியிருக்க வேண்டிய வயதிற் பதுங்குகுழியில் இருந்தவர்களிடம் நம் பிள்ளைகளை ஆடவும் பாடவும் வைக்கும்படி கேட்கிறோம். அவர்கள் அதைச் செய்கிறார்கள் என்பதே பெரிது. அவர்களிடம் போய்க் கொப்பியைக் கேட்பது எவ்வளவு சிறிது!

யுத்தம் கண்ட பிள்ளைகளுக்குக் களிமண்ணும் வர்ணமும் கதையும் மருந்தாகும் என்பதை இந்நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். மட்டக்களப்பிலே 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து வந்து மண் பிசைந்தனர், படம் கீறினர், கதை கட்டி நடித்தனர். வன்னியில் இன்றைய நாலு வயதுப் பிள்ளை யுத்தத்தைக் கண்டதில்லை. ஆனால் யுத்தம் கண்ட வீட்டிலே வளர்கிறது. வாய் திறந்து பேசாத தகப்பனையும், வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடும் தாயையும் அறிந்த பிள்ளைக்குக் கொப்பிக்கு வெளியே ஓரிடம் வேண்டும்.

நிற்க. சம்பளத்துக்கு வருவோம்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்று சொல்லப்பட்டது. அங்கே குறித்த பாலர் வகுப்புப் பாடசாலைக்கு உட்பட்டது. மூன்று வயதும் நாலு வயதும் அதற்குள் அடங்கவில்லை. 1998இல் கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் ஐந்து வயதிலிருந்தே தொடங்கியது; 2016இல் மேல் எல்லை 16க்கு உயர்த்தப்பட்டது, கீழ் எல்லை அசையவில்லை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் முன்பள்ளி முகாமையின் மேற்பார்வையை மாகாண சபையின் பட்டியலிலே வைத்தது. மேற்பார்வை செய்யும் உரிமை ஓரிடத்தில்; சம்பளம் கொடுக்கும் கடமை எங்கும் இல்லை. இந்த இடைவெளியிலேதான் நாட்டின் முன்பள்ளி ஆசிரியை சில ஆயிரம் ரூபாக் கொடுப்பனவோடு நின்றார்.

வன்னியில் இந்த இடைவெளியை நிரப்ப வந்தது கல்வித் திணைக்களம் அன்று. யுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் முன்பள்ளி ஆசிரியைகள் பலர் அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலிலே சேர்க்கப்பட்டனர். அதே திணைக்களம் விசுவமடுவிலும் அயலிலும் பண்ணை நடத்தி முன்னாள் போராளிகளுக்கும் வேலை கொடுத்தது. மற்ற ஆசிரியைகள் பெற்ற கொடுப்பனவின் பன்மடங்கு அச்சம்பளம். 2018 ஜூனில் அத்திணைக்களத்துப் படை அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போனபோது விசுவமடுவிலே மக்கள் கண்ணீர் விட்டு வழியனுப்பிய படம் பத்திரிகைகளில் வெளிவந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து பலர் பலவிதமாக வியாக்கியானஞ் செய்தனர். சிலர் அந்த மக்களை ஏசினர்.

நாம் ஏசமாட்டோம். கணவனை இழந்த ஒரு பெண், காலை இழந்த ஓர் இளைஞர், மாதமுடிவிலே தவறாமற் சம்பளம் கொடுப்பவரை வேண்டாமென்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், முதலில் தம் சட்டைப்பையைத் திறந்து காட்ட வேண்டும். ஆனால் அடிப்படைக் கேள்வி அதனால் அற்றுப்போய்விடாது. மூன்று வயதுப் பிள்ளையின் ஆசிரியை பாதுகாப்பு அமைச்சின் ஊழியராக இருத்தல் எந்த நாட்டுக் கல்வி முறை? ஆசிரியையின் நியமனமும் இடமாற்றமும் விடுமுறையும் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே வகுப்பறையும் சிறிது சிறிதாகப் போய்ச் சேரும். தாளமும் களிமண்ணும் வேண்டும் என்று நாம் யாரிடம் போய்க் கேட்பது? பிள்ளையின் கல்வி பற்றி அறிந்த உத்தியோகத்தரிடம் சம்பளப் பட்டியல் இல்லை; சம்பளப் பட்டியல் வைத்திருப்பவருக்குப் பிள்ளையின் கல்வி வேலையன்று.

2013 செப்ரெம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலாவது வட மாகாண சபை 2018 ஒக்டோபர் வரை இருந்தது. இவ்விடயம் அங்கே பேசப்படாமலில்லை. சீருடையைப் பற்றியும் சின்னத்தைப் பற்றியும் பேசினோம். எந்தத் திணைக்களத்தின் கீழ் என்று பேசினோம். வகுப்பினுள்ளே பிள்ளை என்ன செய்கிறது என்று பேசியவர் அரிது. எமது கோரிக்கை இரண்டே. ஆசிரியை எந்தப் பட்டியலில் இருப்பினும், பெறும் சம்பளத்தில் ஒரு சதமும் குறையாமல் கல்வி நிர்வாகத்தின் கீழ் வரட்டும். சம்பளம் குறைந்த ஆசிரியைகள் அந்த அளவுக்கு உயர்த்தப்படட்டும். குறைந்த சம்பளத்தோடு வா என்று அழைப்பது கொள்கை பேசுவதாகாது. அது ஏழைப் பெண்ணின் செலவிலே நாம் மானங் காப்பதாகும்.

அது வரும்வரை ஊர் செய்யக்கூடியதும் உண்டு. கமக்காரர் அமைப்பும் கூட்டுறவுச் சங்கமும் கோயிற் பரிபாலன சபையும் வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கமும் ஆண்டுக்கொரு வளைவும் மண்டபமும் கட்டுகின்றன. அந்தச் செலவில் ஒரு பகுதி, மேலுமொரு உதவி ஆசிரியையின் சம்பளமாகலாம். தமிழ்நாட்டு ஆய்வு கேட்டதும் அதைத்தான். சாமான் வாங்கப் பணம் வேண்டியதில்லை. களிமண், பனையோலை, சிரட்டை, குரும்பட்டி, பூவரசம் இலை, புளியங்கொட்டை, அடுப்புக்கரி, மஞ்சள் யாவும் வன்னியிலே உண்டு. குரும்பட்டியில் தேர் கட்டத் தெரிந்த பாட்டனார் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பர். அவரை ஒரு காலை பள்ளிக்கு அழையுங்கள். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. மிதிவெடியும் வெடியாத குண்டும் விதைக்கப்பட்ட மண் அது. போய்ப் பொறுக்கி வா என்று பிள்ளையைப் பற்றைக்குள் அனுப்பக்கூடாது. பெரியவரே சேகரித்துக் கொடுக்க வேண்டும். இனந்தெரியாத இரும்பைத் தொடாதே என்ற பாடமும் அந்தப் பாட்டுக்களோடு சேரட்டும்.

"முதலாந் தர ஆசிரியர் எழுத்துத் தெரியாத பிள்ளையைப் பார்த்து முகஞ் சுளிக்கிறாரே, ஐந்தாந் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை காத்திருக்கிறதே" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான அச்சந்தான். எழுத்தைக் கற்பிப்பதற்காகவே முதலாந் தரம் இருக்கிறது. தம் வேலையைப் பாலர் பள்ளி செய்து முடித்து அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஆசிரியரிடம் அதிபர் பேசட்டும். பரீட்சையைப் பொறுத்தவரை, பத்து வயதுப் பந்தயத்துக்கு மூன்று வயதிலே ஓடத் தொடங்கிய பிள்ளை களைத்துப்போய்க் கல்வியையே வெறுக்கும் காட்சியை நாம் எத்தனை வீடுகளிற் கண்டுவிட்டோம்.

காலபோக விதைப்பு முடிந்து, களை பிடுங்கும் வேலை தொடங்குமுன் கமக்காரருக்குச் சிறிது ஓய்வு கிடைக்கும். புதிய பிள்ளைகள் சேர்வதற்கு முன் அந்த ஓய்வு நாளொன்றில் விசுவமடுவிலும் உடையார்கட்டிலும் தருமபுரத்திலும் பெற்றோர் கூட்டங்கள் கூட்டப்படட்டும். தகப்பன்மாரும் கட்டாயம் வரவேண்டும். ஆசிரியைக்கு முதலிற் பேசச் சந்தர்ப்பம் கொடுங்கள். அதற்குப் பின் பாயை விரித்து, பெற்றோரும் பிள்ளைகளும் நிலத்தில் இருந்து, களிமண்ணில் ஒரு மூன்று சுழி ணகரம் செய்து பாருங்கள். கொப்பிகளை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.